மரங்கள் இலைவிடும் முன்பு

மார்ச் கடைசியில் பனி உருகி முடியும். மே பிறந்து பத்து நாள் ஆவதற்குள் ஓக், பீச், டூலிப் மரங்கள் இலைவிட்டு வானத்தை மூடிவிடும். நடுவில் கிடைப்பது ஆறேழு வாரம். அமெரிக்கக் கிழக்குக் கரையின் இலையுதிர் காடுகளில் வெயிலும் கதகதப்பும் சேர்ந்து தரைவரை இறங்குவது அந்த நாட்களில் மட்டும்தான். அதற்குள் முளைத்து, பூத்து, காய்த்து, அடுத்த வருடத்துக்கான சத்தைக் கிழங்கில் சேர்த்துவிட்டு மண்ணுக்குள் போய்விடும் செடிகள் இங்கே ஒரு கூட்டமே உண்டு. ஸ்பிரிங் எபிமெரல்ஸ் என்பார்கள். ஜூன் மாதம் அதே இடத்தில் போய் நின்றால் பெரணியும் நிழலும் கொசுவும்தான் இருக்கும். இங்கே தரை முழுக்கப் பூ இருந்தது என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நியூஜெர்சியில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு வசந்தம் என்றால் வாஷிங்டன் டி.சி.யின் செர்ரி மரங்கள். நாலு மணி நேரம் காரோட்டிப் போய், பார்க்கிங் தேடி அலைந்து, கூட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அதுவும் அழகுதான். ஆனால் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் சேவித்துவிட்டு ரூட் 202 பிடித்து டெலவேர் ஆற்றைத் தாண்டினால், பென்சில்வேனியாவின் நியூ ஹோப் ஊருக்குத் தெற்கே ஆற்றையொட்டி ஒரு காடு இருக்கிறது. பௌமன்ஸ் ஹில் வைல்ட்ஃபிளவர் ப்ரிசர்வ். 134 ஏக்கர். 1934-இல், காட்டுப் பூக்களைக் காப்பதற்கென்றே தொடங்கியது. நடுவே பிட்காக் க்ரீக் என்ற ஓடை. 1776 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டனின் படை டெலவேரைக் கடந்து போய் பிரிட்டிஷ் தரப்புப் படையைத் தாக்கியதே, அதற்கு முன் வீரர்கள் கூடாரம் போட்டிருந்தது இந்தப் பக்கத்தில்தான். குளிரிலும் நோயிலும் இறந்தவர்களின் கல்லறைகள் ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன.

வசந்த காலத்தில் இங்கே வழிகாட்டியோடு நடக்கும் பூ நடைகள் உண்டு. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒன்றரை மணி நேரத்தில் அரை மைல் போனால் பெரிது. உடற்பயிற்சி என்று நினைத்து வருகிறவர்கள் முதல் பத்து நிமிடத்தில் பொறுமை இழப்பார்கள். வழிகாட்டிகளில் பலர் தன்னார்வலர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள். நான் அதிகம் கூட நடந்தது ஓர் அம்மாவோடு. பல வருடங்களாக அதே பாதைகளில் வாராவாரம் நடப்பவர். தோளில் ஒரு துணிப்பை, அதில் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் நாலைந்து, முழங்காலுக்கு அடியில் போட ஒரு ரப்பர் பலகை, ஒரு சின்ன முகக்கண்ணாடி. கண்ணாடி எதற்கு என்று முதலில் புரியவில்லை. வைல்டு ஜிஞ்சர் என்ற செடியின் பூ இலைக்கு அடியில், மண்ணைத் தொட்டுக்கொண்டு, அடர்ந்த பழுப்புச் சிவப்பில் இருக்கும். இலையைத் தூக்கிப் பார்க்கப் போனால் காம்பு ஒடியும். இவர் கண்ணாடியை மெல்ல இலைக்கு அடியில் நீட்டுவார். பூவின் முகம் அதில் தெரியும். வரிசையாக ஒவ்வொருவராகக் குனிந்து பார்ப்போம். ஒரு செடிகூட அசையாது.

லென்ஸ் பிடிக்கவும் அவர்தான் சொல்லித்தந்தார். லென்ஸைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்துத் தூர நின்று பார்க்கக் கூடாது. கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையைப் பூவை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். அப்படித் தரையில் படுத்து நான் பார்த்த ஸ்பிரிங் பியூட்டியைச் சொல்ல வேண்டும். சுண்டுவிரல் நகம் அளவுப் பூ. வெள்ளை இதழ் ஐந்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடுகள். கோடுகள் எல்லாம் நடுவே தேன் இருக்கும் இடத்தில் போய் முடிகின்றன. பூ திறந்த முதல் நாள் ஐந்து மகரந்தக் காம்புகளும் நிமிர்ந்து நிற்கும், அதன் மகரந்தம் இளஞ்சிவப்பு. அடுத்த நாள் அவை பின்னால் சாய்ந்து இதழோடு படிந்துவிடும். அதன்பிறகுதான் நடுவில் இருக்கும் சூல்முடி மூன்றாகப் பிரிந்து விரியும். முதலில் ஆண், பிறகு பெண். தன் மகரந்தம் தன்மேலேயே விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. பக்கத்தில் ஒரு சின்னத் தேனீ வந்து உட்கார்ந்தது. பின்னங்கால் இரண்டிலும் அதே இளஞ்சிவப்புத் தூள். ஆண்ட்ரினா எரிஜீனியே என்பது அதன் பெயர். மண்ணில் வளை தோண்டி வாழும் தனித் தேனீ. இந்த ஒரு பூவை நம்பியே தன் குஞ்சுகளை வளர்க்கிறது. வருடத்தில் சில வாரம்தான் அது வெளியே வரும். பூ இல்லையென்றால் அந்தத் தேனீயும் இல்லை.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்தான். போனில் படம் எடுத்தால் செயலியே பெயர் சொல்லிவிடுகிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இந்தச் செடி ஏன் இந்தச் சரிவில் இருக்கிறது, ஓடைக்கு அந்தப் பக்கம் ஏன் இல்லை, போன வருடம் எந்த வாரம் பூத்தது, மூன்று வருடத்துக்கு முன் இந்த மரம் சாய்ந்தபோது இதற்கு என்ன ஆயிற்று — இதெல்லாம் ஒரே மண்ணைப் பல வருடம் பார்த்த ஒரு மனிதருக்குத்தான் தெரியும். அவரோடு நடக்க ஆரம்பித்த பிறகு எனக்குக் காட்டின் தரை வேறு மாதிரி தெரிகிறது. ஒவ்வொரு செடிக்கும் வயது இருக்கிறது என்பது உறைக்க ஆரம்பித்தது.

வயது என்றேன். ட்ரவுட் லில்லியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையில் பழுப்புத் திட்டுகள் போட்ட இலை, தலை கவிழ்ந்த மஞ்சள் பூ. ஒரு சரிவு முழுக்க ஆயிரக்கணக்கில் அந்த இலைகள் பரந்திருக்கும், பூ மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒற்றை இலையோடு இருப்பவை பூக்காது. பல வருடம் சேமித்து, கிழங்கு தடித்து, இரண்டாவது இலை விடும் அளவுக்கு வந்த பிறகுதான் ஒரே ஒரு பூ. நீங்கள் பார்ப்பது தனித்தனிச் செடிகளாகத் தோன்றினாலும் மண்ணுக்குள் கிளைத்துக் கிளைத்துப் பரவிய கூட்டம் அது. இப்படிப்பட்ட கூட்டங்கள் மேலே நிற்கும் மரங்களைவிட மூத்தவையாகவும் இருக்கலாம். 1976-இல், நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் செய்த ஓர் ஆய்வு இந்தச் செடியைப் பற்றியது. பனி உருகி ஓடும்போது மண்ணில் இருக்கும் நைட்ரஜனும் பொட்டாசியமும் தண்ணீரோடு போய்விடும். அந்த நேரத்தில் மரங்கள் இன்னும் விழிக்கவில்லை. ட்ரவுட் லில்லி அதைத் தடுத்து உறிஞ்சித் தன் இலையில் வைத்துக்கொள்கிறது. கோடை தொடங்கும்போது இலை அழுகி, அந்தச் சத்து மண்ணுக்கே திரும்புகிறது. அப்போது மரங்களின் வேர் தயாராக இருக்கும்.

ட்ரில்லியம் இன்னும் பொறுமைக்காரி. மூன்று இலை, மூன்று புல்லிதழ், மூன்று வெள்ளை இதழ். விதை மண்ணில் விழுந்து, ஒரு குளிர்காலம் கடந்து வேர் விட்டு, இன்னொரு குளிர்காலம் கடந்துதான் முதல் இலை மண்ணுக்கு மேலே வரும். முதல் பூ வருவதற்கு ஏழு வருடம், சில சமயம் பத்து. அந்த விதையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எறும்பு. ட்ரில்லியம், பிளட்ரூட், வயலட், ட்ரவுட் லில்லி எல்லாவற்றின் விதையிலும் நுனியில் கொழுப்பு நிறைந்த ஒரு சின்னச் சதை ஒட்டியிருக்கும். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு புற்றுக்குப் போகும், சதையை மட்டும் தின்னும், விதையைத் தன் குப்பை மேட்டில் போட்டுவிடும். எருப்போட்ட பாத்தியில் விதைத்ததற்குச் சமம். ஆனால் எறும்பு எவ்வளவு தூரம் போகும்? ஒரு மீட்டர், இரண்டு மீட்டர். ஒருமுறை உழுது விவசாயம் பார்த்துவிட்டுக் கைவிட்ட நிலத்தில் மரங்கள் ஐம்பது வருடத்தில் திரும்பி வந்துவிடுகின்றன. இந்தப் பூக்கள் வருவதில்லை. நூறு வருடம் கழிந்தும் வராத காடுகள் நியூஜெர்சியில் நிறைய. எடிசன், பிளைன்ஸ்போரோ பக்கம் நம் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மரக்கூட்டங்களில் ஏப்ரலில் போய்த் தேடிப் பாருங்கள். மரம் இருக்கும். தரை வெறுமையாகக் கிடக்கும்.

வெறுமைக்கு இன்னொரு காரணம் மான். இதைச் சொன்னால் நம் வீட்டுப் பிள்ளைகள் முகம் சுருங்கும். ஓநாயையும் மலைச் சிங்கத்தையும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கே அழித்துவிட்டார்கள். வேட்டையாடியே மானையும் கிட்டத்தட்டத் தீர்த்துவிட்டு, பிறகு 1906 முதல் வேறு மாநிலங்களிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கொன்று தின்ன மிருகம் இல்லை, மேய்வதற்குத் தோட்டங்களும் வயலோரங்களும் ஏராளம். மான் பெருகிவிட்டது. ட்ரில்லியத்தை அது தேடித் தின்னும். அந்த மூன்று இலையும் ஒரே காம்பில் இருப்பவை, அவற்றைக் கடித்துவிட்டால் அந்த வருடச் சமையலே முடிந்தது. வருடாவருடம் கடிபட்டால் கிழங்கு இளைத்து, கடைசியில் செத்துப்போகும். பௌமன்ஸ் ஹில்லின் பெரும்பகுதியைச் சுற்றி உயரமான மான் வேலி போட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்திக் கொக்கி போட வேண்டும். வேலிக்கு வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை நின்று தரையைப் பாருங்கள். வெளியே மான் தொடாத ஜப்பானிய பார்பெரி முள்ளும் ஸ்டில்ட்கிராஸ் புல்லும். உள்ளே பூ. வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒருமுறை தோழியின் அம்மாவையும் (அத்தை என்பேன்) கூட்டிக்கொண்டு போனோம். கும்பகோணம் பக்கம், பேரன் பிறந்ததற்காக ஆறு மாதம் வந்திருந்தார். சுவெட்டர், மஃப்ளர், புடவைக்குக் கீழே ஸ்னீக்கர்ஸ். ஓடையோரம் வர்ஜீனியா ப்ளூபெல்ஸ் முழுசாகப் பூத்திருந்த நேரம். மொட்டில் இளஞ்சிவப்பு, விரிந்ததும் நீலம். எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஈரமான ஒரு மூலையில் குனிந்து நின்றார்.

"ஏம்மா, இது நம்ம கருணை மாதிரில்ல இருக்கு?"

ஜாக்-இன்-தி-புல்பிட். பச்சையில் ஊதாக் கோடு போட்ட மடல், மேலே வளைந்து மூடிய நுனி, உள்ளே ஒரு தண்டு. கருணை, சேனை, சேம்பு எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். வழிகாட்டி ரப்பர் பலகையைப் போட்டு முட்டி போட்டு உட்கார்ந்து, "எப்படிக் கண்டுபிடித்தார்கள், கேளுங்கள்" என்றார்.

"கருணைக்கிழங்கைத் தோண்டாம விட்டா கோடையில இலை வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் ஒண்ணு தரையிலேர்ந்து கிளம்பும். இதைவிடப் பெருசா, கருஞ்செவப்பா. நாத்தம் தாங்காது, ஈ மொய்க்கும்."

இதைச் சொன்னதும் வழிகாட்டி எங்களை அப்படியே ஓடைக்கு அந்தப் பக்கம், சதுப்பு நிலத்துக்கு நடத்திக்கொண்டு போனார். அங்கே ஸ்கங்க் கேபேஜின் பெரிய இலைகள். அதன் பூ பிப்ரவரி, மார்ச்சிலேயே வந்துவிடும், அழுகல் வாடையோடு. உள்ளே இருக்கும் தண்டு, மண்ணுக்குள் சேமித்த மாவுச்சத்தை எரித்து வெப்பம் உண்டாக்கும். வெளியே உறைபனி இருக்க, பூவுக்குள் இருபது டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகும். சுற்றியிருக்கும் பனி வட்டமாக உருகியிருக்கும். கருணைக் குடும்பத்தில் வேறு பல பூக்களும் இப்படிச் சூடேறுபவைதான். பிறகு கிழங்கைப் பற்றிப் பேச்சு வந்தது. ஜாக்-இன்-தி-புல்பிட்டின் கிழங்கைப் பச்சையாக வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் ஊசி குத்தினதுபோல் எரியும். கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். இங்கத்திய பூர்வகுடிகள் அதைக் காயவைத்து, வறுத்து, பக்குவப்படுத்தித்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். "புளி விட்டு வேகவைக்கணும்னு சொல்லு" என்றார் அத்தை, உடனே. வழிகாட்டி அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த ஜாக்-இன்-தி-புல்பிட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. கிழங்கில் சேமிப்பு குறைவாக இருக்கும் வருடம் ஆண் பூ, மிகுந்திருக்கும் வருடம் பெண் பூ. காய்த்து ஓய்ந்துபோனால் அடுத்த வருடம் மறுபடியும் ஆண். காளான் வாடைக்கு வரும் சின்னக் கொசுப்பூச்சிகள் மடலுக்குள் விழுந்தால் வழுக்கலில் மேலே ஏற முடியாது. ஆண் மடலின் அடியில் ஒரு சின்ன ஓட்டை. மகரந்தத்தைப் பூசிக்கொண்டு தப்பித்துவிடும். பெண் மடலில் அந்த ஓட்டை கிடையாது. உள்ளே சுற்றிச் சுற்றி, மகரந்தத்தைச் சூல்முடியில் தேய்த்துவிட்டு, அங்கேயே சாகும். விரல் நுனியால் மடலின் அடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் வழிகாட்டி. நாங்கள் தொட்டதில் ஓட்டை இருந்தது.

அன்றைக்கு மீதி நடை முழுக்க உறவு தேடுவதாகவே போயிற்று. மஞ்சளாகத் தொங்கும் பெல்வொர்ட், நம் மாநில மலரான செங்காந்தளின் குடும்பம். வயலட்டுகள், வரப்போரத்தில் இருக்கும் ஓரிதழ்த்தாமரைக்குச் சொந்தம். கண்ணாடி வைத்துப் பார்த்த வைல்டு ஜிஞ்சர், பெயரில் இஞ்சி இருந்தாலும் ஆடுதீண்டாப்பாளையின் கிளை. அதிலும் இதிலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அதே அரிஸ்டோலோகிக் அமிலம். மேஆப்பிளுக்கு இமயமலையில் நெருங்கிய உறவு உண்டு; இந்தச் செடிகளில் இருக்கும் பொடோஃபில்லோடாக்சினிலிருந்துதான் எடோபோசைட் என்ற புற்றுநோய் மருந்தை உருவாக்கினார்கள். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். வெளியே வரும்போது காரில் ஏறுமுன், "இவ்வளவு தூரம் வந்தும் தெரிஞ்ச ஆளுங்களா இருக்காங்க" என்றார்.

இந்த வேலியும் தன்னார்வலர்களும் இருந்தும் கவலை தீரவில்லை. கார்லிக் மஸ்டர்ட் என்ற ஐரோப்பியக் களை 1868-இல் லாங் ஐலண்டில் முதலில் கண்ணில் பட்டது. கடுகுக் குடும்பம், நாலு வெள்ளை இதழ், கசக்கினால் பூண்டு வாசனை. அதன் வேர் விடும் ரசாயனம் மண்ணில் இருக்கும் பூஞ்சைகளைக் கொல்கிறது. அந்தப் பூஞ்சைகளின் துணையில்தான் மற்ற செடிகள் சத்து எடுக்கின்றன. டூத்வொர்ட் செடியில் முட்டையிட வேண்டிய வெஸ்ட் வர்ஜீனியா வொயிட் என்ற வண்ணத்துப்பூச்சி ஏமாந்து இதில் முட்டையிட, புழுக்கள் செத்துப்போகின்றன. பிடுங்கும்போது வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி எடுத்துவர வேண்டும், ஏனென்றால் பிடுங்கிப் போட்ட செடியிலும் விதை முற்றும். எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு ஆஷ் மரங்களைச் சாய்த்துக்கொண்டே வருகிறது. மரம் விழுந்த இடைவெளியில் முதலில் வந்து உட்காருவது இத்தகைய களைகள்தான்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. 1850-களில் மாசசூசெட்ஸின் கான்கார்டில் ஹென்றி டேவிட் தோரோ எந்தச் செடி எந்த நாளில் இலைவிட்டது, எப்போது பூத்தது என்று நாள்வாரியாகக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளை இன்றைய தேதிகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளிவந்தது. காட்டுப் பூச்செடிகள் சுமார் ஒரு வாரம் முன்னதாக இலைவிடுகின்றன. மரங்களோ சுமார் இரண்டு வாரம் முன்னதாக. ஆக, அந்த ஆறேழு வாரத்தில் ஒரு வாரத்தை மரங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. வருடத்தின் முழுச் சம்பாத்தியமும் அந்தச் சில வாரங்களில்தான் என்று இருக்கும் ஒரு செடிக்கு ஒரு வாரம் போவது எவ்வளவு பெரிய இழப்பு!

பௌமன்ஸ் ஹில்லில் ஒவ்வொரு உள்ளூர்ச் செடிக்கும் 0 முதல் 10 வரை மதிப்பு போடும் ஒரு முறையை வைத்திருக்கிறார்கள். எங்கும் வளரும் செடிக்கு 0 பக்கம், கலையாத பழைய காட்டில் மட்டும் தாக்குப்பிடிப்பதற்கு 10 பக்கம். ஒரு நிலத்தில் இருக்கும் செடிகளைப் பட்டியல் போட்டுக் கணக்கிட்டால் அந்த நிலம் எவ்வளவு நலமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஊராட்சிகளும் நில அறக்கட்டளைகளும் எந்த நிலத்தைக் காப்பது என்று முடிவெடுக்க இது உதவும். பட்டியல் போட ஆள் வேண்டும், செடி தெரிந்த ஆள். பூ நடைக்கு வருகிறவர்களில் சிலராவது அப்படி ஆக வேண்டும் என்பது என் ஆசை. அங்கே வருகிறவர்களில் நம்மவர்கள் இன்னும் மிகக் குறைவு.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்ச் கடைசியில் போனால் பிளட்ரூட் கிடைக்கலாம். ஒரே ஒரு இலை மொட்டைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு மேலே வரும். வெயில் இருந்தால் வெள்ளைப் பூ விரியும், சாயங்காலம் மூடும், சில நாளில் இதழ் உதிர்ந்துவிடும். மேகமூட்டமான காலையில் போகாதீர்கள், பாதிப் பூ திறக்காது. ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்கு மேல் ப்ளூபெல்ஸும் ட்ரில்லியமும். முடிந்தால் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து அதே பாதையில் போங்கள். முழு பேன்ட் போட்டு அதன் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். உண்ணி இருக்கும், அது பரப்பும் லைம் நோய் இந்தப் பக்கம் அதிகம். வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளின் காதுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில் பாருங்கள். பாதையை விட்டு ஓரடிகூட இறங்க வேண்டாம். படத்துக்காக ஒரு கால் வைக்கும் இடத்தில் பூக்காத ஐந்து வயதுச் செடி இருக்கும்.

வாசலில் நாற்றங்கால் ஒன்று உண்டு, உள்ளூர்ச் செடிகள் விற்பார்கள். வீட்டில் நிழலான மூலை இருந்தால் ஒன்றிரண்டு வாங்கி வையுங்கள். மற்ற கடைகளில் ட்ரில்லியம் மலிவாகக் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். ஏழு வருடம் வளர்த்த செடியை யாரும் அந்த விலைக்குக் கொடுக்க முடியாது, அநேகமாக எங்கோ ஒரு காட்டிலிருந்து தோண்டியதாக இருக்கும். விதையிலிருந்து நீங்களே வளர்த்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லவில்லையென்றால் வாங்காதீர்கள்.